உயர்த்திய பிக்கப்பும் ஒற்றை 'டொக்' சத்தமும்

அந்தச் சத்தத்தை முதலில் கேட்டவன் என் தம்பி. மதுராந்தகம் பக்கத்தில் உள்ள எங்கள் நிலத்திலிருந்து தேங்காய் ஏற்றிக்கொண்டு மேடவாக்கத்தில் உள்ள வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். தாம்பரம் தாண்டி வேளச்சேரி சாலையில் ஒரு சிக்னலில் பிரேக் பிடித்தபோது, "அண்ணே, கீழ ஏதோ இடிச்ச மாதிரி இருந்துச்சு" என்றான். பின்னால் தேங்காய் உருண்டிருக்கும் என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் வண்டி காலியாக இருந்தபோதும், அதே போல பிரேக் பிடித்த கணத்தில், கட்டைச் சுத்தியலால் ஒரே ஒரு முறை தட்டியதுபோல 'டொக்' என்று கேட்டது. அந்த ஒரு தட்டலின் மூலத்தைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதங்களும், தேவையே இல்லாமல் மாற்றிய இரண்டு ஜோடி உதிரி பாகங்களும் ஆயின. அந்த மூன்று மாதங்களில் கற்றுக்கொண்டதை, தன் பிக்கப்பின் முன்பக்கத்தை உயர்த்தியிருக்கும் அல்லது உயர்த்த நினைக்கும் எவருக்காவது உதவும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

என்னுடையது நான்கு சக்கர இயக்கம் கொண்ட இரட்டைக் கேபின் பிக்கப். நிலத்துக்குப் போகும் கடைசி இரண்டு கிலோமீட்டர் ஏரிக்கரையை ஒட்டிய மண் பாதை. ஐப்பசி, கார்த்திகையில் டிராக்டர்கள் உழுதுவிட்ட தடங்களுக்கு நடுவே உள்ள மேடு வண்டியின் அடியில் உரசும். அதற்காகத்தான் முன்பக்கத்தை ஏறத்தாழ இரண்டு அங்குலம் உயர்த்தினேன். சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும்: 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உயர்த்துவதற்கு முன்பே அதைப் படித்துவிட்டு முடிவெடுப்பதுதான் முறை. நான் எல்லாம் முடிந்த பிறகு படித்தேன்.

நம் ஊரில் தனியார் வாங்கி ஓட்டும் பிக்கப்புகளில் பலவற்றின் முன்பக்க அமைப்பு ஒரே மாதிரியானது. 2016இல் வந்த இசுசு வி-கிராஸ் ஆனாலும், 2022இல் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் ஆனாலும், ஒவ்வொரு முன்சக்கரத்தையும் மேலே ஓர் ஆர்ம், கீழே ஓர் ஆர்ம் என இரண்டு கைகள் பிடித்திருக்கின்றன. ஆர்ம் வண்டியின் சட்டகத்தோடு (சேஸி) சேரும் இடத்தில் ரப்பர் புஷ். சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு சேரும் இடத்தில் பால் ஜாயின்ட் என்ற குமிழ் மூட்டு. காயில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகக் கோத்த தூண், கீழே கீழ் ஆர்மின் நடுப்பகுதியிலும் மேலே சட்டகத்திலும் மாட்டப்பட்டிருக்கும். தூண் ஆர்மின் நுனியில் இல்லாமல் நடுப்பகுதியில் அமர்ந்திருப்பதால், அதன் தலையில் வைக்கும் ஸ்பேசர் என்ற வட்டத் தகட்டின் தடிமனைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு வண்டி உயரும். இது வண்டிக்கு வண்டி சற்று மாறும். என் வண்டியில் 25 மில்லிமீட்டர் ஸ்பேசர் முன்பக்கத்தை 45 மில்லிமீட்டருக்கு மேல் தூக்கியது. ஒரு சிறிய வட்டத் தகடு இத்தனை உயரம் தருகிறதே என்று அன்று மகிழ்ந்தேன். அதே கணக்கு தலைகீழாகவும் வேலை செய்கிறது என்பதை அப்போது யோசிக்கவில்லை.

வண்டி உயரும்போது சக்கரங்கள் தரையில்தான் இருக்கின்றன; ஆகவே உண்மையில் நடப்பது, இரண்டு ஆர்ம்களும் முன்பைவிடக் கீழ்நோக்கிச் சரிந்து நிற்பது. மேல் பால் ஜாயின்ட் தன் அசைவின் எல்லைக்கு அருகே போகிறது. சக்கரம் முழுதாகத் தொங்கும் நிலையில் மேல் ஆர்ம் ஸ்பிரிங்கைத் தொடக்கூடும். முன்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஆக்சிலின் மூட்டுகளான சி.வி. ஜாயின்ட்டுகள் கூடுதல் கோணத்தில் சுழல்கின்றன. வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் கம்பியின் லிங்க்குகள் (இணைப்புத் தண்டுகள்) வேறு கோணத்தில் நிற்கின்றன. கேம்பர், காஸ்டர், டோ என்ற சக்கரக் கோணங்கள் மூன்றும் மாறிவிடுவதால் வீல் அலைன்மென்ட் செய்தே ஆக வேண்டும். அதற்காக இதுவரை யாரும் கை வைக்காத போல்ட்டுகளை ஒருவர் தளர்த்தி, நகர்த்தி, மறுபடி இறுக்குகிறார். உயர்த்திய வண்டியில் புதிதாக ஒரு சத்தம் வந்தால், ஒன்று கோணம் மாறியதால் வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் கை பட்டதால் வந்திருக்க வேண்டும். இந்த இரண்டையும் விட்டுவிட்டுப் பொதுவாக "எது தேய்ந்திருக்கும்" என்று கேட்டதுதான் நான் செய்த தவறு.

முதலில் நான் போன பட்டறையில், சத்தத்தைக் கேட்பதற்கு முன்பே, "லிங்க் ராடா இருக்கும் சார்" என்றார்கள். சென்னைச் சாலைகளில் ஸ்டெபிலைசர் லிங்க்தான் முதலில் போகும் பாகம் என்பதால் அது அப்படியொன்றும் மோசமான ஊகம் இல்லை. புதுப்பேட்டைக்குப் போய் ஒரு ஜோடி வாங்கிவந்து மாட்டினேன். சத்தம் இரண்டு நாள் இல்லாததுபோல இருந்தது. மூன்றாம் நாள் வந்தது. அந்த இரண்டு நாளும் நான் நெரிசல் குறைந்த நேரத்தில், கடுமையாகப் பிரேக் பிடிக்காமல் ஓட்டியிருந்தேன் என்பது பிறகுதான் உறைத்தது. அடுத்த பட்டறையில் ஷாக் அப்சார்பரின் மேல் மவுன்ட் என்றார்கள். இரண்டையும் மாற்றினேன். அந்த ஊகம் கார்களிலிருந்து வந்தது. பெரும்பாலான சிறிய கார்களில் உள்ள மெக்பர்சன் அமைப்பில் ஸ்டியரிங் திருப்பும்போது தூணும் சேர்ந்து திரும்பும். அதன் தலையில் ஒரு பேரிங் இருக்கும். அது போனால் ஸ்டியரிங் திருப்பும்போதும் மேடு பள்ளத்திலும் தட்டும். இரண்டு ஆர்ம் கொண்ட பிக்கப்பில் தூண் திரும்புவதே இல்லை. நின்ற இடத்தில் ஸ்டியரிங் திருப்பும்போது சத்தம் வந்தால் பால் ஜாயின்ட், டை ராடு எண்ட், ஸ்டியரிங் ரேக் ஆகியவற்றைப் பார்க்க வேண்டுமே தவிர, மேல் மவுன்ட் அந்தப் பட்டியலில் பின்னால்தான் வரும். நாள் முழுதும் கார்களைப் பார்த்துப் பழகிய கை அங்கேதான் முதலில் போகும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் வண்டி என்ன அமைப்பு என்பதை நான் அல்லவா தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அதன் பிறகு பாகங்களை வாங்குவதை நிறுத்திவிட்டு ஒரு குயர் நோட்டை வண்டியில் போட்டேன். சத்தம் கேட்கும்போதெல்லாம், எந்த வேகம், நேராகவா வளைவிலா, பிரேக்கில் கால் இருந்ததா, ஒரு சக்கரம் ஏறியதா இரண்டுமா, மழையா வெயிலா என்று தம்பி எழுதிக்கொண்டான். சத்தம் எந்த இடத்தில் என்ற கேள்வியை வேண்டுமென்றே எழுதவில்லை. ஏணி வடிவிலான இந்த லேடர் சட்டகத்தில் ஒரு மூலையில் எழும் தட்டல் இரும்பு வழியாகவே ஓடி மற்ற மூலையில் ஓட்டுநரின் காலடியில் கேட்கும். இடது பக்கம்தான் என்று நான் சத்தியம் செய்திருந்த சத்தம் கடைசியில் வலது பக்கத்தில் இருந்தது. எங்கே என்பதில் காது ஏமாறும். எப்போது என்பதில் அவ்வளவாக ஏமாறாது.

இரண்டு வாரத்தில் நோட்டில் ஒரு சத்தம் மூன்றாகப் பிரிந்தது. பிரேக் பிடிக்கும்போது வரும் ஒற்றை 'டொக்' ஒன்று. மெதுவாக வேகத்தடை ஏறி இறங்கும்போது பழைய கட்டில் போல 'கிரீச்' என்பது இன்னொன்று. பெரிய வேகத்தடையைச் சற்று வேகமாகத் தாண்டிவிட்டால், இறங்கும்போது மந்தமாக 'டம்' என்பது மூன்றாவது. மூன்றையும் ஒரே நோயாக எண்ணிக்கொண்டிருந்ததால்தான், ஒரு பாகத்தை மாற்றியதும் குறைந்ததுபோலவும் மறுபடி வந்ததுபோலவும் தோன்றியிருக்கிறது.

சோதிப்பதற்குச் சென்னையைப் போல வசதியான ஊர் கிடையாது என்று அந்த நாட்களில் நினைத்துக்கொண்டேன். எங்கள் தெருவில் மட்டும் ஐந்து வேகத்தடைகள். ஒரே வேகத்தடையை முதலில் நேராகவும் பிறகு சாய்வாகவும் ஏறிப் பார்க்க வேண்டும். நேராக ஏறினால் இரண்டு முன்சக்கரங்களும் ஒன்றாக உயரும். அப்போது ஸ்டெபிலைசர் கம்பி முறுக்கப்படாமல் தன் புஷ்களுக்குள் சும்மா சுழலும். சாய்வாக ஏறினால் ஒரு சக்கரம் உயர, மற்றது தாழ, கம்பி முறுக்கப்பட்டு லிங்க்குகளை இழுக்கும். சாய்வாக ஏறும்போது மட்டும் தட்டினால் லிங்க்கையோ கம்பியின் புஷ்ஷையோ சந்தேகிக்கலாம். இன்னும் உறுதி வேண்டுமென்றால் இரண்டு பக்க லிங்க்குகளையும் கழற்றிக் கம்பியை ஓரமாகக் கட்டிவிட்டு, தெருவுக்குள்ளேயே மெதுவாக ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாம். வளைவில் வண்டி அதிகம் சாயும் என்பதால் பெரிய சாலைக்குப் போகக் கூடாது. இந்தச் சோதனையை முதலிலேயே செய்திருந்தால் லிங்க் ராடு வாங்கிய பணம் மிஞ்சியிருக்கும். என் வண்டி நேராக ஏறினாலும் சாய்வாக ஏறினாலும் ஒரே மாதிரிதான் கிரீச்சிட்டது.

வீல் பேரிங்கைப் பார்க்கக் கத்திப்பாரா மேம்பாலம் உதவியது. அதன் வட்டப் பாதைகளில் ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஒரே பக்கம் திரும்பிக்கொண்டே இருக்கலாம். இடது பக்கம் திரும்பும்போது பாரம் வலது சக்கரங்களுக்குப் போகும். அப்போது 'உம்ம்' என்ற ரீங்காரம் கூடினால் வலது பேரிங்கைப் பார்க்க வேண்டும், வலம் திரும்பும்போது கூடினால் இடது பேரிங்கை. பெரிய கட்டைகள் கொண்ட டயர்கள் போட்டவர்களுக்கு இது அவசியம், ஏனென்றால் அந்த டயர்களின் இரைச்சலும் பேரிங்கின் இரைச்சலும் காதுக்கு ஒன்றுபோலவே இருக்கும். தார்ச் சாலையிலிருந்து கான்கிரீட் சாலைக்கு மாறும்போது சத்தத்தின் தன்மை மாறினால் அது டயர். காலி இடத்தில் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி மெதுவாக ஒரு வட்டம் அடித்தால் 'டிக் டிக்' என்று வருவது வெளிப்புற சி.வி. ஜாயின்ட், அதன் ரப்பர் உறை (பூட்) கிழிந்து, சுழலும்போது கிரீஸ் சக்கரத்தின் உட்புறமெங்கும் தெறித்திருந்தால் காது கூடத் தேவையில்லை. உயர்த்திய வண்டியில் இந்த உறைகளின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிச் சீக்கிரம் கிழியும் என்பதால், ஆயில் மாற்றும்போதெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்கிறேன். என் வண்டியில் இவை இரண்டும் நன்றாகவே இருந்தன. நீளமான மதில் சுவரை ஒட்டி, கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுவதும் ஒரு நல்ல வழி. சாலையில் கரைந்துபோகும் சிறு சத்தங்களைச் சுவர் திருப்பித் தந்துவிடும்.

கிரீச்சைப் பிடித்தது மழை. நோட்டைப் புரட்டியபோது, மழை பெய்த நாட்களில் ஒரு நாள்கூட அந்தச் சத்தம் எழுதப்படவில்லை. உலர்ந்த ரப்பர் இரும்பில் உராய்வதுதான் கிரீச். நனைந்தால் சற்று நேரம் அடங்கும். ஆகவே செடிகளுக்குத் தண்ணீர் தெளிக்கும் பிளாஸ்டிக் குப்பியை எடுத்துக்கொண்டு, தம்பியை முன் பம்பரில் ஏறி நின்று வண்டியை அமுக்கச் சொல்லி, ஒவ்வொரு புஷ்ஷாக நனைத்தேன். ஒன்றை நனைத்துவிட்டுக் கேட்பது, அடங்கவில்லையென்றால் அடுத்தது; எல்லாவற்றையும் ஒரேயடியாக நனைத்தால் ஒன்றும் தெரியாது. வலது கீழ் ஆர்மின் பின் புஷ்ஷை நனைத்ததும் சத்தம் நின்றது. இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை: சத்தம் நின்ற மகிழ்ச்சியில் ரப்பர் புஷ் மீது எஞ்சின் ஆயிலையோ சாதாரண கிரீஸையோ தடவக் கூடாது. பெட்ரோலிய எண்ணெய் இயற்கை ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும்; தடவியே ஆக வேண்டுமென்றால் சிலிக்கான் கிரீஸ்தான்.

ஆனால் அந்த புஷ் ஏன் உரச வேண்டும்? நல்ல ரப்பர் புஷ் உரசுவதே இல்லை. அதன் உள்குழாயை போல்ட் சட்டகத்தோடு அசையாமல் இறுக்கிப் பிடித்திருக்கும். வெளிக்குழாய் ஆர்மோடு போகும். இடையில் உள்ள ரப்பர் முறுக்கிக்கொண்டு மீளும். வண்டி தன் இயல்பான உயரத்தில் நிற்கும்போது அந்த முறுக்கு பூஜ்யமாக இருக்க வேண்டும். சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டியை இறக்கிய கணத்திலிருந்து ரப்பர் நிரந்தரமாக முறுக்கப்பட்டே இருக்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் இன்னும் முறுக்கப்பட்டு, சில மாதங்களில் குழாயிலிருந்து பிரிந்துவிடும். பிரிந்த ரப்பர்தான் கிரீச்சிடும். லிஃப்ட் கிட் (உயர்த்தும் பாகங்கள்) மாட்டும்போது வண்டி உயரத்தில் இருக்கும், கை வசதியாகப் போகும், எல்லாவற்றையும் அப்போதே இறுக்கிவிடுவது இயல்பு. எனக்கு அப்படித்தான் செய்திருந்தார்கள். மாட்டிய நாளில் நானும் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டு பார்த்தவன்தான்.

இனி அந்த 'டொக்'. நோட்டில் அதற்கு ஒரு விசித்திரமான குணம் இருந்தது. முன்னே போய்ப் பிரேக் பிடித்தால் ஒரு முறை தட்டும். மறுபடி முன்னே போய் எத்தனை முறை பிரேக் பிடித்தாலும் தட்டாது. பின்னால் ரிவர்ஸ் எடுத்துப் பிரேக் பிடித்தால் ஒரு முறை தட்டும். அதன் பிறகு முன்னே போனால் மறுபடி ஒரு முறை. அதாவது ஏதோ ஒன்று ஒரு பக்கம் நகர்ந்து அங்கேயே தங்குகிறது; எதிர்ப்பக்கம் தள்ளும் வரை அசைவதில்லை. பிரேக் பிடிக்கும்போது சாலை டயரைப் பின்னோக்கி இழுக்கிறது, அந்த இழுப்பு ஆர்ம் வழியாக சட்டகத்துக்குப் போகிறது. ரிவர்ஸில் அது முன்னோக்கி. தேய்ந்த பால் ஜாயின்ட் என்றால் சாலையின் ஒவ்வொரு குழியிலும் தட்டியிருக்கும். இந்த ஒரு குணமே பாதிப் பட்டியலை அடித்துவிட்டது.

மிச்சம் இருந்தவற்றில் முக்கியமானது பிரேக் பேட். டிஸ்க்கைக் கவ்வும் கேலிப்பரின் பிராக்கெட்டுக்குள் பேட் நகர இடம் இருந்தால் அதுவும் இப்படித்தான் திசைக்கு ஒரு முறை தட்டும், ஆனால் ஒலி சற்று மெல்லியதாக இருக்கும். ஒலியின் கனத்தை வைத்து முடிவெடுக்க எனக்கு நம்பிக்கை இல்லை. ஆகவே பிரேக்கைத் தொடாமலேயே சக்கரத்தைப் பின்னோக்கித் தள்ள ஒரு வழி தேடினேன். எங்கள் குடியிருப்பின் வண்டி நிறுத்தும் இடத்தில் சக்கரத்தைத் தடுக்க ஒரு சிமென்ட் திண்டு உண்டு. முதலில் ரிவர்ஸ் எடுத்து, பிரேக் பிடித்து, ஒரு தட்டல் கேட்டேன். பிறகு முதல் கியரில், இரு சக்கர இயக்கத்தில், கால் பிரேக்கைத் தொடாமல், முன் டயர்கள் அந்தத் திண்டில் மெதுவாக முட்டும் வரை ஊர்ந்தேன். டயர் முட்டிய கணத்தில் 'டொக்'. பிரேக் பேட் அந்தக் குற்றத்திலிருந்து விடுதலை ஆனது. கியர் மாற்றும்போது பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டில் உள்ள தளர்ச்சியும் இப்படித் தட்டும் என்று நண்பர் ஒருவர் சொன்னதால், பேஸ்மென்ட் சரிவில் நியூட்ரலில் உருளவிட்டும் பார்த்தேன். எஞ்சினின் இழுவை இல்லாமலேயே பிரேக் பிடித்ததும் தட்டியது.

அடுத்து வண்டியின் அடியில் போக வேண்டும். அதற்குப் பட்டறைகளில் உள்ள இரண்டு தூண் லிஃப்டைவிட, பழைய வாட்டர் சர்வீஸ் நிலையங்களில் உள்ள சாய்வு மேடைதான் பொருத்தமானது. தூண் லிஃப்டில் சட்டகத்தைப் பிடித்துத் தூக்குவதால் சக்கரங்கள் தொங்கும், ஆர்ம்கள் கீழ் எல்லையில் இறுகி நிற்கும், உண்மையான தளர்ச்சி ஒளிந்துகொள்ளும். மேடையில் வண்டி தன் எடையைத் தன் சக்கரங்களிலேயே தாங்கி நிற்கும்; சாலையில் எப்படி நிற்கிறதோ அப்படி. பள்ளிக்கரணைப் பக்கம் அப்படி ஒரு நிலையத்தில், கூட்டம் இல்லாத மதிய நேரத்தில் அரை மணி நேரம் கேட்டு வாங்கினேன். மேடைக்காரர், "தண்ணி அடிக்க வேணாமா சார்?" என்று இரண்டு முறை கேட்டார். கழுவினால் தடயம் போய்விடும் என்று அவருக்கு விளக்கியபோது, திருட்டு வழக்கு விசாரிப்பவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

தடயம் இருந்தது. கீழ் ஆர்ம் சட்டகத்தோடு சேரும் இடத்தில் உள்ளவை கேம் போல்ட்டுகள். போல்ட்டின் தலையோடு மையம் விலகிய ஒரு வட்டத்தகடு இருக்கும், போல்ட் போகும் துளை நீண்டிருக்கும். அலைன்மென்ட்காரர் போல்ட்டைச் சுழற்றினால் தகடு ஆர்மை உள்ளேயோ வெளியேயோ தள்ளும். சரியான இடம் வந்ததும் நட்டை இறுக்குவார். வலது பக்கப் பின் கேம் போல்ட்டைச் சுற்றிச் சட்டகமெங்கும் செம்மண்ணும் துருவும் படிந்திருக்க, தகட்டின் விளிம்பை ஒட்டி மட்டும் பிறை வடிவில் இரும்பு பளபளவென்று தெரிந்தது. அந்தப் பிறையின் அகலம்தான் ஒவ்வொரு தட்டலுக்கும் அந்த ஆர்ம் நகர்ந்த தூரம். இடது பக்கத்தில் அதே இடம் முழுக்க மண். வெள்ளைப் பெயின்ட் மார்க்கரால் தகட்டுக்கும் சட்டகத்துக்கும் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு, இறங்கி, முன்னும் பின்னுமாகச் சில முறை பிரேக் பிடித்து, மறுபடி மேடையேற்றினேன். கோடு இரண்டாக உடைந்திருந்தது. வண்டி கொஞ்ச நாளாக வலப்பக்கம் லேசாக இழுத்ததையும், ஒவ்வொரு அலைன்மென்ட்டும் ஒரு மாதத்தில் கலைந்ததையும் அப்போதுதான் இதோடு சேர்த்துப் புரிந்துகொண்டேன்.

ஸ்பானர் வைத்துப் பார்த்தபோது நட் 'தளர்ந்து' இருக்கவில்லை; சாதாரணக் கை பலத்துக்கு அசையவில்லை. அதனால்தான் இரண்டு பட்டறைகளிலும் தொட்டுப் பார்த்துவிட்டு டைட்டாக இருக்கிறது என்றார்கள். ஆனால் என் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் அந்த போல்ட்டுக்குக் குறித்துள்ள இறுக்கம் 100 நியூட்டன் மீட்டருக்கும் மேல். குழிக்குள் நின்று, குட்டை ஸ்பானரால், மணிக்கட்டு பலத்தில் இறுக்கினால் அதில் பாதிகூட வராது. உயர்த்தியதும் காஸ்டரைச் சரிக்கட்ட தகட்டை எல்லை வரை திருப்பியிருந்ததும் சேர்ந்துகொண்டது. இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச் இல்லாத இடத்தில் அலைன்மென்ட் செய்யக் கூடாது என்பது இப்போது என் பிடிவாதம். இதற்காக ஒரு கடையில் சண்டைக்காரன் என்று பெயரும் வாங்கியிருக்கிறேன்.

பழுது நீக்கியது அரை நாள் வேலை. வலது கீழ் ஆர்மின் இரண்டு புஷ்களையும் பிரஸ்ஸில் மாற்றினோம். கேம் போல்ட்டின் இழைகளில் வெள்ளத் தண்ணீரின் துரு இருந்ததால் போல்ட்டுகளையும் புதிதாகப் போட்டோம். எல்லாவற்றையும் கையால் மட்டும் முடுக்கி, வண்டியைத் தரையில் இறக்கி, பம்பரை நாலைந்து முறை அமுக்கி உயரம் நிலைத்த பிறகு, அலைன்மென்ட் மேடையில் வைத்து, சக்கரங்கள் எடையைத் தாங்கிய நிலையிலேயே கடைசி இறுக்கத்தை டார்க் ரெஞ்சால் கொடுத்தோம். இடது பக்க போல்ட்டுகளையும் தளர்த்தி, வண்டி நின்ற உயரத்திலேயே மறுபடி இறுக்கினோம். எல்லா நட்டுகளுக்கும் குறுக்கே வெள்ளைக் கோடு. 500 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ரெஞ்ச் வைத்துப் பார்த்தபோது, ஸ்பேசரின் மேல் உள்ள மூன்று நட்டுகளில் ஒன்று மட்டும் கால் சுற்று ஏறியது. புதிய ஸ்பேசரின் பெயின்ட் அமுங்குவதால் அங்கே அப்படி ஆவதுண்டு.

அன்றே பால் ஜாயின்ட்டுகளையும் பார்த்துவைத்தேன். கீழ் ஆர்மின் அடியில் ஜாக்கி கொடுத்து, டயர் தரையிலிருந்து விரற்கடை உயரும் அளவுக்குத் தூக்கி, சட்டகத்துக்கு ஸ்டாண்டு வைத்த பிறகு, டயரை மேலும் கீழும் பிடித்து அசைத்தால் பால் ஜாயின்ட் அல்லது பேரிங்கின் தளர்ச்சி தெரியும். ஒருவர் பிரேக்கை மிதித்திருக்கும்போது அந்த ஆட்டம் மறைந்தால் அது பேரிங், மறையாவிட்டால் பால் ஜாயின்ட். இடமும் வலமும் பிடித்து அசைத்தால் டை ராடும் ரேக் எண்டும். சட்டகத்தில் தூக்கினால் ஸ்பிரிங்கின் அழுத்தம் கீழ் பால் ஜாயின்ட்டை ஒரு பக்கமாக இறுக்கி ஆட்டத்தை மறைத்துவிடும், ஆகவே ஜாக்கி கீழ் ஆர்மில்தான். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை நீட்டுவது வேண்டாம்.

மூன்றாவது சத்தம், அந்த 'டம்', இன்னும் இருக்கிறது. என் ஸ்பேசர் தூணை அப்படியே கீழே தள்ளும் வகை. ஷாக் அப்சார்பரின் நீளும் தூரம் மாறவில்லை, ஆனால் முழுதாக நீண்ட நிலையில் சக்கரம் முன்பைவிடக் கீழே போகிறது. இருபத்தைந்து மில்லிமீட்டர் தகடு சக்கரத்தில் இரட்டிப்பாவதால், பெரிய வேகத்தடையிலிருந்து சக்கரம் துள்ளி இறங்கும்போது மேல் ஆர்ம் ஸ்பிரிங்கைத் தொட்டுவிடுகிறது. ஸ்பிரிங்கின் மூன்றாம் சுற்றில் பெயின்ட் உரிந்து, ஆர்மின் உட்புறத்தில் அதற்கு நேரே ஒரு கீறல் இருக்கிறது. ஸ்பிரிங்கை இறுக்கி உயர்த்தும் இன்னொரு வகை ஸ்பேசரில் இந்தத் தொல்லை வராது. அதற்குப் பதிலாக, சக்கரம் தொங்கும் தூரம் குறைந்து ஷாக் அப்சார்பரே தன் எல்லையில் இடிக்கும். இரண்டுக்கும் சரியான தீர்வு, உயரத்துக்கு ஏற்றபடி வடிவமைத்த நீளமான ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும், ஸ்பிரிங்குக்கு இடம் விட்டு வளைந்த மேல் ஆர்மும். விலை விசாரித்துவிட்டு வந்திருக்கிறேன். தேங்காய் விலை ஒத்துழைத்தால் தை மாதத்துக்குப் பிறகு மாற்றலாம். அதுவரை எங்கள் தெருமுனையில் உள்ள அந்த உயரமான வேகத்தடையை இரண்டாவது கியரில் தாண்டாமல் முதல் கியரில் தாண்டுகிறேன். மறந்துவிட்டால் தம்பி பக்கத்தில் இருந்து, "அண்ணே, டம்" என்கிறான்.